செருப்பைக் கழற்றிவிட்டுப் பிரபஞ்சத்துக்குள் வரவும்

தொண்டையை நம்பிப் பிழைக்கிற தொழில்களில், காற்றடைத்த கூடாரத்துக்குள் உட்கார்ந்து பிரபஞ்சம் விரிகிற கதையைச் சொல்லும் தொழிலும் ஒன்று உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அதில் சேருகிற வரைக்கும் எனக்கும் தெரியாது.

வாத்தியார்கள், பஸ் கண்டக்டர்கள், இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள், கல்யாண மண்டபத்தில் மைக் பிடிக்கிறவர்கள், நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. சாயந்தரமானால் வெந்நீரில் உப்பைப் போட்டுக் கொப்பளிக்கிற கூட்டம் நாம். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஆம்பூரில் பந்தல், லைட்டு, சவுண்ட் சர்வீஸ் நடத்துகிற இஸ்மாயில் பாய், யாரிடமிருந்தோ பழையதாக ஒரு கோளரங்கக் கூடாரம் வாங்கிப் போட்டார். பெரிய கறுப்பு பலூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரத்தில் ஃபேனை மாட்டி ஊதினால் ஸ்கூல் மைதானத்தில் யானை எழுந்திருப்பது போல மெல்ல எழுந்து நிற்கும். உள்ளே கும்மிருட்டு, நடுவில் ஒரு புரொஜெக்டர். குனிந்து உள்ளே போய் மல்லாக்கப் படுத்தால் பட்டப்பகலில் நட்சத்திரம். வண்டி ஓட்டுவதும் ஃபேனைப் பார்த்துக்கொள்வதும் குமார் அண்ணன். கதை சொல்வது நான். பி.எஸ்ஸி இயற்பியல் படித்தவன் என்பதால் கிடைத்த வேலை.

ஒரே ஒரு கோளாறு. எங்கள் வீட்டில் கதை என்றால் தாத்தாவோ ஆயாவோ பக்கத்தில் படுத்துக்கொண்டு காதோரமாகச் சொல்வது. கதைக்கு அதுதான் சரியான சத்தம் என்று நம்பியே வளர்ந்துவிட்டேன். கூடாரத்தில் ஓடுகிற ஃபேனுக்கு இதெல்லாம் தெரியாது. அதை நிறுத்தினால் கூடாரம் தலைமேல் இறங்கிவிடும். ஓடவிட்டால் நான் சொல்வது முதல் வரிசைக்கு மேல் போகாது.

மேலேயும் அதே தையல்

உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். வேறு ஊரில் இது சின்ன விஷயம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது தோல் பதனிடுகிற ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ இருப்பார்கள். கழற்றி வைத்த ஷூ எதையும் சும்மா தாண்டிப் போக அவர்களால் முடியாது. கையில் எடுப்பார்கள், மடக்கிப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், தையலை நகத்தால் நீவிப் பார்ப்பார்கள். "இது நம்ம கம்பெனி இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிக் கீழே வைத்த பிறகுதான் பிரபஞ்சத்துக்குள் காலெடுத்து வைப்பார்கள். ஷோ தொடங்க எப்போதும் லேட்டாவதற்கு இதுதான் காரணம் என்று எந்த ஹெட்மாஸ்டரும் நம்பியதில்லை.

ஆம்பூரில் ஒரு ஸ்கூல் ஆண்டு விழா. பிள்ளைகளோடு அம்மாக்களும் வந்திருந்தார்கள். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிற அக்கா ஒருவர் படுத்தபடியே கையை நீட்டி, "தம்பி, அதோ வரிசையா நேரா போகுதே, அந்த நட்சத்திரத்துக்கு இன்னா பேரு?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அது நட்சத்திரம் இல்லை, கூடாரத்தின் ஒட்டுத்தையல், ஊசி போன துளை வழியாக வெளி வெயில் தெரிகிறது என்று உண்மையைச் சொன்னேன். ஏமாந்து போவார் என்று நினைத்தேன். அவரோ பக்கத்தில் படுத்திருந்த தோழியைச் சந்தோஷமாக இடித்தார்.

"பாத்தியா செல்வி, மேலயும் நம்ம தையலுதான்."

ரயில் வந்ததா?

நான் சொல்கிற கதை இதுதான். நூறு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் பெரிய பெரிய மேதைகள்கூட, மொத்த வானமும் ஆடாமல் அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றுதான் நம்பினார்கள். வானத்தில் அங்கங்கே பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி மங்கலான திட்டுகள் தெரிந்தன. அவை பக்கத்தில் இருக்கிற வெறும் புகையா, எட்டாத தூரத்தில் இருக்கிற நட்சத்திரக் கூட்டங்களா என்று ஒரே வாக்குவாதம். அப்போது பொறுமைசாலி ஒருத்தர் அந்தத் திட்டுகளின் வெளிச்சத்தை வானவில் மாதிரி நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். பெரும்பாலான திட்டுகளில் வெளிச்சம் சிவப்புப் பக்கமாக நகர்ந்து கிடந்தது. நம்மை விட்டு விலகிப் போகிற ஒன்றின் வெளிச்சம்தான் அப்படி நகரும்.

இந்த இடத்தைப் புரியவைக்க எல்லாரும் கையில் எடுப்பது ரயிலைத்தான். ரயில் கிட்டே வரும்போது ஊதல் கீச்சென்று இருக்கும், நம்மைத் தாண்டிப் போனதும் தடித்து இறங்கிவிடும். சத்தத்துக்கு நடப்பதுதான் வெளிச்சத்துக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள் என்று நானும் ஒரு ஸ்கூலில் வாயைக் குவித்து ஊதிக் காட்டினேன். என் ரயில் பால்குடி மறக்காத ஆட்டுக்குட்டி போல ஒரு தடவை கத்திவிட்டு ஓய்ந்தது. ஃபேன் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கடைசி வரிசை இருட்டிலிருந்து மரியாதையான குரல் ஒன்று கேட்டது.

"சார், ரயிலு வந்துடுச்சா? நாங்க இன்னும் வெயிட் பண்றோம்."

ஃபேனின் பேச்சு

அந்த ஸ்கூலிலிருந்து பாய்க்கு போன் போய்விட்டது. அதற்கு முந்தைய ஸ்கூலிலிருந்தும் போயிருந்ததாம், என் மனசு நோகும் என்று அவர் சொல்லவில்லை. கடைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். முதலாளி டீ வாங்கிக் கொடுத்தால் விஷயம் பெரிது என்று உங்களுக்கே தெரியும்.

"கோச்சிக்காத பேட்டா. மெட்ராஸ்ல ஒருத்தரு கீறாரு. கதைய பேசி ரெக்கார்டு பண்ணி அனுப்புவாராம், மியூசிக்லாம் போட்டு. சொல்லி வச்சிட்டேன்."

"அப்ப நான் பாய்?"

"உன்னை வுட்டுடுவேனா? கல்யாண சீசன் வருது. சீரியல் லைட்டு கட்ட ஆள் கம்மி. ஏணில ஏறிக்குவ இல்ல?"

ஏணி என்று எழுதிய இடத்தைப் பார்த்தாலே நான் சுற்றிக்கொண்டு போகிறவன். ஆனால் அன்றைக்கு என்னை உறுத்தியது ஏணி இல்லை. இந்தக் கதையைச் சொல்லாமல் எப்படி இருப்பது என்றுதான் இருந்தது. கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்: நான் சொல்கிற கதை நன்றாக இல்லையா பாய்? அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். குரலில் அவ்வளவு வருத்தம்.

"கதை ஃபஸ்ட் கிளாஸ். ஆனா உன்னவிட ஃபேனு நல்லா பேசுது, நான் இன்னா பண்றது?"

ஆடா, மாடா?

குரல் வந்து சேர்கிற வரைக்கும் எனக்கு அவகாசம் இருந்தது. தொண்டைச் சத்தத்தைக் கூட்ட முடியாது, உதாரணத்தையாவது மாற்றலாம் என்று தோன்றியது. பேர்ணாம்பட்டு பக்கம் ஒரு தோல் ஷாப்பில் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஷோ. ஈரத் தோலைப் பலகையில் விரித்து, நாலு பக்கமும் கிளிப் போட்டு இழுத்துக் காய வைப்பார்கள். அதையே சொன்னேன். தோல் மேல் புள்ளி புள்ளியாக மை வைத்துவிட்டு இழுத்தால் எல்லாப் புள்ளியும் ஒன்றை விட்டு ஒன்று விலகும் இல்லையா, அதேபோலத்தான் பிரபஞ்சத்தில் நட்சத்திரக் கூட்டங்களும். புள்ளிகள் தோலின் மேல் நடந்து போகவில்லை, தோலே விரிகிறது.

கூடாரம் கலகலத்துவிட்டது. வயிற்றுப் பக்கம் ஜாஸ்தி இழுக்கும், முதுகெலும்புப் பக்கம் கம்மியாகத்தான் வரும் என்று ஒருத்தர். அது பதம் போட்டவன் கையைப் பொறுத்தது என்று இன்னொருத்தர். ஃபேனையும் மீறிச் சத்தம் போட எல்லாராலும் முடிகிறது, என்னால் மட்டும்தான் முடியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இழுபடுகிற தோல் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சியது ஒருவர் காதிலும் விழவில்லை. கடைசியில் மேஸ்திரி ஒருவர் கையைத் தூக்கி எல்லாரையும் அமைதிப்படுத்தி, பஞ்சாயத்தை என் பக்கம் திருப்பினார்.

"நீ மொதல்ல ஆடா மாடான்னு சொல்லு தம்பி, விரியுதா இல்லையான்னு அப்பறம் பாக்கலாம்."

வெளியே என்ன இருக்கிறது?

பள்ளிகொண்டாவில் ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே கூட்டம் கம்மி, எல்லாரும் முதல் வரிசைக்குள் அடங்கிவிட்டார்கள், நானும் நன்றாகவே சொன்னேன். முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "சார், பிரபஞ்சம் விரியுது விரியுதுன்றீங்க. எதுக்குள்ள சார் விரியுது? அதுக்கு வெளிய இன்னா கீது?" என்றான்.

பெரிய ஆட்களையே திணற அடிக்கிற கேள்வி அது. பிரபஞ்சம் என்பது எதற்குள்ளும் வைத்த பொருள் இல்லை, எல்லா இடமும் அதிலேயே சேர்ந்தது, இடமே பெருகுகிறது, வெளியே என்று ஒரு இடம் இருப்பதாகச் சொல்லத் தேவையே இல்லை என்று நான் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவன் முகத்தில் தெளிவே இல்லை. பக்கத்தில் இருந்த குட்டிப் பெண்ணுக்கு அவன் மேல் இரக்கம் வந்துவிட்டது. அவன் முழங்கையைத் தொட்டுச் சமாதானமாகச் சொன்னாள்.

"வெளிய நம்ம செருப்பு கீதுடா."

ஃபாதர் போட்ட கணக்கு

பாகாயம் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழா. இந்தத் தடவை மைக் கொண்டு போனேன், பாயின் சவுண்ட் சர்வீஸிலிருந்தே எடுத்தது. உருண்டைக் கூடாரத்துக்குள் மைக்கைத் திறந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் "வணக்கம்" என்றேன். வணக்கம் சுற்றிச் சுற்றி வந்து கூவென்று கத்தியது. ஒரு குழந்தை அழ, இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. குமார் அண்ணன் வெளியே இருந்து ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினார். மறுபடியும் நான், என் காதோரக் குரல், ஃபேன்.

கோயில் கூட்டம் என்பதால் அன்று ஃபாதர் கதையைச் சேர்த்துக்கொண்டேன். பெல்ஜியத்தில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். கணக்கில் புலி. பிரபஞ்சம் சும்மா இருக்க முடியாது, இடமே விரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டே கண்டுபிடித்து எழுதினார். ஆனால் அதிகம் பேர் படிக்காத ஒரு பத்திரிகையில் எழுதிவிட்டார். அந்தக் காலத்தின் பெரிய விஞ்ஞானியிடம் நேரில் சொன்னபோதும், கணக்கு சரி, விஷயம் நம்புகிற மாதிரி இல்லை என்று பதில் வந்தது. கொஞ்ச காலம் கழித்து அமெரிக்காவில் மலை மேல் இருந்த பெரிய தொலைநோக்கியில் பார்த்தவர்கள் அதையே அளந்து காட்ட, கண்டுபிடித்த பேர் பெரும்பாலும் அவர்களுக்குப் போயிற்று. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு நர்ஸம்மா ஒருவர் காதைக் கிட்டே கொண்டுவந்து முழுசாகக் கேட்டார். பெரிய மூச்சாக விட்டார்.

"கண்டுபுடிச்சது ஒருத்தரு, பேரு இன்னொருத்தருக்கா? எங்க வார்டுலயும் அப்படித்தாம்பா."

பாய் அனுப்பிய குரல்

மைக் விஷயம் பாய் காதுக்குப் போயிற்று. அதற்குள் மெட்ராஸ் குரல் வந்துவிட்டது, ஒரு பென்டிரைவில். கணியம்பாடி பக்கம் ஏதோ ஸ்பெஷல் ஸ்கூலாம், ஒரு சங்கத்துக்காரர்கள் ஏற்பாடு செய்த ஷோ. புதுக் குரலை அங்கேயே போட்டுப் பார்த்துவிடுங்கள் என்று அனுப்பினார். வண்டியில் போகும்போது குமார் அண்ணன் அதை ஓடவிட்டார். பொய் சொல்லக் கூடாது, அருமையான குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனம். நடுவில் நிஜமான ரயிலே வந்து ஊதிவிட்டுப் போயிற்று. நான் ஜன்னல் வழியாக மின்கம்பங்களில் சாய்த்திருந்த ஏணிகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஸ்கூல் வாசலில் இறங்கிப் போர்டைப் படித்தோம். காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி. குமார் அண்ணன் போர்டைப் பார்த்தார், கையிலிருந்த பென்டிரைவைப் பார்த்தார். "பாய் சரியான எடமாப் பாத்துதான் அனுப்பிகீறாரு" என்று சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எமிலி டீச்சர் என்று ஒருவர் வந்தார். நான் பேசுவதை அவர் சைகையில் சொல்வார். ஆனால் கூடார இருட்டில் அவர் கை எப்படித் தெரியும்? லைட்டைப் போட்டால் கை தெரியும், நட்சத்திரம் போய்விடும். "கதைய இங்கயே வெளிச்சத்துல சொல்லிடுங்க தம்பி, அப்பறம் உள்ள போய் பாத்துக்கட்டும்" என்றார். பிள்ளைகள் ஏற்கனவே ஷூவைக் கழற்றிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை கண்ணும் ஒரு தடவை என் மேல், ஒரு தடவை டீச்சர் கை மேல். திட்டுகள், வெளிச்சம், நிறம் வரைக்கும் வந்துவிட்டேன். ரயிலுக்கு வாயைக் குவித்தவன் அப்படியே நின்றுபோனேன். ஊதலே கேட்டிராத பிள்ளைகளிடம் ஊதல் இறங்குவதை எப்படிச் சொல்வது? என் மொத்தக் கதையும் அந்த ஊதலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் தன் கறுப்பு ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பக்கவாட்டு எலாஸ்டிக்கை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். கையை நீட்டினேன், கொடுத்தாள். சாம்பல் நிற எலாஸ்டிக். அதன் மேல் பேனாவால் நெருக்கமாக நெளி நெளியாக ஒரு கோடு போட்டேன். "இதுதான் வெளிச்சம். அலை அலையா வருது. கெளம்பும்போது இப்படி நெருக்கமா. வர்ற வழியில இடமே இழுபட்டுச்சுன்னா?" இழுத்தேன். நெளிவுகள் நீண்டு, அகன்று, சோம்பலாக விரிந்தன. "நெருக்கமா இருந்தா நீலம். நீண்டு போனா சிவப்பு." டீச்சர் கை முடிக்கும் முன்பே பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு மூன்று புள்ளி வைத்து இழுத்தேன். பக்கத்துப் புள்ளி கொஞ்சமாக விலகியது, தூரத்துப் புள்ளி அதே நேரத்தில் ரொம்பவே விலகியது. "தூரம் ஜாஸ்தி ஆக ஆக வேகமும் ஜாஸ்தி. மலை மேல பெரிய தொலைநோக்கி வச்சிருந்தவங்க பாத்தது இதைத்தான்." ஒவ்வொருவரும் அவரவர் ஷூவை எடுத்துக்கொண்டு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கும் படம் போடு. எனக்கும். "அய்யோ, எல்லாம் புது ஷூ தம்பி!" என்று எமிலி டீச்சர் வாயால் என்னிடம் கத்தினார், கையால் பிள்ளைகளிடம் என்ன சொன்னாரோ, ஒருவரும் நகரவில்லை.

அவ்வளவு தூரத்தை எப்படி அளந்தார்கள் என்று சைகை வந்தது. அதற்கு வழி காட்டியவர் ஒரு பெண். துடித்துத் துடித்து எரிகிற நட்சத்திரங்களைக் கண்ணாடித் தகடுகளில் எடுத்த போட்டோக்களில் தேடித் தேடிப் பார்த்தவர். நிதானமாகத் துடிப்பவைதான் நிஜத்தில் அதிகப் பிரகாசம் என்று கண்டார். நிஜப் பிரகாசம் தெரிந்துவிட்டால், கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். "அந்தம்மாவுக்குக் காது ஏறக்குறைய கேக்காமப் போயிருந்துச்சு" என்றேன். டீச்சரின் கைகள் ஒரு கணம் காற்றில் நின்றன. அப்புறம் மெதுவாக, ரொம்பக் கவனமாக, அதைச் சொன்னார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷூவைக் கொடுத்த பெண் ஏதோ கேட்டாள். "அங்கேருந்து சத்தம் ஏதாவது வருமானு கேக்கறா" என்றார் டீச்சர். வராது, நடுவில் காற்றே இல்லை, எந்தச் சத்தமும் இங்கே வந்து சேராது, கண்டுபிடித்ததெல்லாம் வந்த வெளிச்சத்தை மட்டும் பார்த்துத்தான் என்றேன். அந்தப் பெண் யோசித்தாள். தன் நெஞ்சைத் தொட்டு, பிள்ளைகளைச் சுட்டி, என்னையும் டீச்சரையும் சுட்டி, கடைசியில் மேலே காட்டினாள். டீச்சர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"'அப்ப வானத்தைப் பாக்கும்போது எல்லாரும் எங்கள மாதிரிதான்'னு சொல்றா தம்பி."

உள்ளே அவன், வெளியே நான்

ஆம்பூர் ஹைவே மேல் ஒரு ஷூ கம்பெனியின் குடும்ப விழா. பெரிய ஆர்டர், பாய் நேரிலேயே வந்துவிட்டார். உள்ளே மெட்ராஸ் குரல். ஃபேனோ கூட்டமோ அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்குக் கொடுத்த வேலை, வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து கூட்டத்தைப் பகுதி பகுதியாக உள்ளே அனுப்புவது, கழற்றி வைத்த செருப்பைப் பார்த்துக்கொள்வது. அதற்கும் அடுத்த வேலை ஏணி என்று எனக்குத் தெரியும்.

கையில் ஒரு எலாஸ்டிக் பட்டை வைத்திருந்தேன். அதே கம்பெனியில் வேலை செய்கிற குமார் அண்ணன் சம்சாரம் எடுத்துக் கொடுத்த வெட்டுத் துண்டு. ஃபேன் கூடாரத்தின் அந்தப் பக்கம் இருந்தது, இந்தப் பக்கம் அமைதி. தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்கள் வழக்கம்போல ஒருவர் ஷூவை ஒருவர் மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மாதானே இருக்கிறார்கள் என்று நெளிகோட்டைப் போட்டு இழுத்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்த நாலு பேர் குனிந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் என்ன என்று எட்டிப் பார்த்து அவர்களும் குனிந்தார்கள். என் குரல் எட்டுகிற தூரத்துக்குள் அவர்களே வந்து சேர்ந்துகொண்டார்கள். பொறுமைசாலி வந்தார், காது கேளாத அம்மா வந்தார், ஃபாதர் வந்தார். அந்தப் பகுதியை உள்ளே அனுப்பிவிட்டு அடுத்தவர்களுக்கு முதலிலிருந்து தொடங்கினேன். ஷோ முடிந்து வெளியே வந்த அக்கா ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்: "உள்ள பேசறது யாருப்பா? வெளிய நீ சொன்னதையே திரும்பச் சொல்றாரு. அதுவும் வெறுங்கைய வச்சிக்கினு."

அவருக்குப் பின்னால் பாய் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. தானும் செருப்பைக் கழற்றிவிட்டு என் எதிரே குந்தினார், அது தேவையே இல்லை. "எங்க, இழு." இழுத்தேன். புள்ளிகள் விலகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நாம எந்தப் புள்ளி?"

"ஏதோ ஒண்ணு பாய். எந்தப் புள்ளில நின்னாலும் மத்ததுதான் நம்மள வுட்டு ஓடற மாதிரி தெரியும்."

"அப்ப நடுவுல கீறது யாரு?"

"நடுவுன்னு யாருமே இல்ல."

"முதலாளி இல்லாத எடம் ஒண்ணாவது கீதே" என்று சிரித்தவர், எலாஸ்டிக்கை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். விட்டார். மறுபடி இழுத்தார். அடுத்த பகுதி ஆட்கள் வந்து அவரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"உள்ள அவன் பேசட்டும், வெளிய நீ இழு. ஏணிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஆகையால் தொண்டைக்காரச் சொந்தங்களே, பிரபஞ்சத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று இனி யாராவது உங்களை மடக்கினால் தயங்காமல் சொல்லுங்கள்: நிறையச் செருப்பு, ஒரு முக்காலி, அதன் மேல் ஒரு எலாஸ்டிக் துண்டோடு மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிற நான்.